13 என்று எழுதிய ரிப்போர்ட்

"மேடம், பத்துக்குக் கீழயா, மேலயா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார் பொதுமருத்துவர், போனில். நான் ரேடியாலஜிஸ்ட், ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவள். அவர் கேட்டது, ஒரு கட்டியின் மேல் திரையில் வட்டம் போட்டு நான் அளந்த அடர்த்தி எண்ணை.

"13 வருது சார். வட்டத்தைச் சின்னதாக்கி ஒரு ஓரமா வச்சா 9-உம் வருது."

"அப்போ எதை நம்பறது?"

"13-ஐ."

"அப்புறம் எதுக்கு 9-ஐச் சொன்னீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த சிடி அது. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியில், இடது பக்கம், 2.4 சென்டிமீட்டர் கட்டி, தேடாமலே கண்ணில் பட்டது. 55 வயது அம்மா, ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை சாப்பிடுகிறவர். அடர்த்தியை ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் சொல்லும் சிடியின் அளவுகோலில் தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. அட்ரினலில் வரும் அடினோமா என்ற சாதாரண, தீங்கற்ற கட்டிகளில் பெரும்பாலானவற்றின் செல்களுக்குள் கொழுப்பு நிறைந்திருப்பதால் அடர்த்தி குறைந்து தெரியும். மருந்து ஏற்றாத சிடியில் கட்டி ஒரே சீராக, 10 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகோ அதற்குக் கீழோ இருந்தால் தீங்கற்றது என்று தைரியமாக எழுதலாம். ஆனால் அடினோமாக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கொழுப்பு குறைந்தது. அது 10-ஐத் தாண்டித்தான் நிற்கும். ஆகவே 13 என்றால் கெட்டது என்று அர்த்தமில்லை. அதைத்தான் அந்த மருத்துவருக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டுமோ?

கல்லுக்கான சிடியில் கதிர்வீச்சைக் குறைத்தே எடுப்பார்கள். படம் முழுக்கப் பொரிப்பொரியாக இருக்கும். சின்ன வட்டம் அந்தப் பொரிகளில் எங்கே விழுகிறதோ அதற்கேற்ப எண் ஏறும், இறங்கும். ஓரத்தைத் தொட்டால் சுற்றியுள்ள கொழுப்பும் சேர்ந்து எண்ணைக் கீழே இழுத்துவிடும். அதனால்தான் ஓரத்தை விட்டு, கட்டியின் மூன்றில் இரண்டு பங்கை மூடும்படி வட்டம் போட்டேன். எத்தனை முறை போட்டாலும் 13-ஐ ஒட்டித்தான் வந்தது. எனவே 13-தான் சரி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அதே கட்டியை வேறு மெஷினில், வேறு எக்ஸ்ரே மின்னழுத்தத்தில் எடுத்தால் சில அலகுகள் மாறும் என்பதும் எனக்குத் தெரியும். அதை மறைத்து ஒற்றை எண்ணைக் கொடுப்பது நேர்மையா? கொடுக்காமல் விட்டால் அவர் எதை வைத்து முடிவெடுப்பார்?

ஏனென்றால் அந்த நாலு அலகில்தான் எல்லாமே மாறுகிறது. 2023-இன் ஐரோப்பிய வழிகாட்டுதல்படி அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோன் கூடியிருக்கிறதா என்று பார்க்கும் டெக்சாமெத்தசோன் பரிசோதனை எப்படியும் உண்டு. ரத்த அழுத்தம் இருப்பதால் அதோடு தொடர்புள்ள ஆல்டோஸ்டிரோன், ரெனின் பரிசோதனைகளும் உண்டு. எண் 9 என்றால் அதோடு சரி, மறுபடி ஸ்கேனே வேண்டாம். 13 என்றால் இது அட்ரினலின் ஹார்மோனைச் சுரக்கும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி இல்லை என்று காட்ட, ரத்தத்தில் மெட்டாநெப்ரின் அளவும் பார்க்க வேண்டும். உடனே வேறு ஸ்கேனோ, 12 மாதம் கழித்து மறு ஸ்கேனோ வேண்டும். அந்த அம்மாவுக்கு அது ஒரு வருஷக் கவலை. மகன் என்னிடமே வந்து, "டாக்டர், அம்மா ராத்திரியெல்லாம் தூங்கறதே இல்லை. கேன்சரா?" என்றார். "அப்படி இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு தம்பி" என்றேன். 'இல்லை' என்ற ஒரு சொல்லைத்தான் அவர் எதிர்பார்த்தார்.

மெட்டாநெப்ரின் நார்மல். மற்ற ரத்தப் பரிசோதனைகளிலும் ஒன்றுமில்லை. மருத்துவரே கூப்பிட்டுச் சொன்னார், கோபமில்லாமல். பார்த்ததே நல்லது என்று ஒரு நேரம் தோன்றுகிறது. வீண் செலவு வைத்துவிட்டேனே என்று இன்னொரு நேரம்.

"அடுத்த வருஷம் 9 வந்தா?" என்று கேட்டார்.

"அப்போ எண்ணைவிட அளவுதான் முக்கியம் சார். விட்டம் 5 மில்லிமீட்டராவது கூடி, 20 சதவீதத்துக்கு மேல வளர்ந்திருந்தாத்தான் யோசிக்கணும். இல்லேன்னா விட்டுடலாம்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார். அன்று அவர் கேட்டது எண்ணை மட்டும்தான்.