செராயா நாற்றுகள்: அறுவடைக்காலக் குறிப்புகள்

6 ஜனவரி

நாற்றுகளை இம்மாதக் கடைசியில் பிடுங்குவதென்று முடிவாகிவிட்டது. செராயா தென்கிழக்காசிய மழைக்காட்டின் உயர்ந்த மரம், ஆண்டுதோறும் காய்ப்பதன்று. காடே ஒருசேரப் பூக்கும் அரிய பருவத்தில்தான் விதை விழும், விழுந்ததை எடுத்து வைக்கவும் முடியாது, உலர்ந்தால் செத்துவிடும். காற்றில் கரியமில வாயு கூடினால் மரம் கூடுதலாக வளருமா என்று பார்க்க வளர்ப்பறைத் தொட்டிகளில் நிறுத்தியிருக்கும் இவற்றை வெட்டி எடை போட்ட பிறகு, அடுத்த பூப்பு எப்போது வருமோ அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

7 ஜனவரி

நாள் முழுதும் மழை. ஒளி போதாததால் அளவெடுக்கவில்லை.

9 ஜனவரி

காலை ஒன்பதுக்குள் இலைகளை அளந்துவிட வேண்டும், வெயில் ஏறினால் இலைத்துளைகள் சுருங்கிவிடும். கருவியின் கவ்வியில் இலையை வைத்து, நரம்பு நசுங்காமல் மூடி, திரையில் எண் நிலைகொள்ளும்வரை மூச்சைக்கூடத் திருப்பி விட வேண்டியிருக்கிறது, ஏனெனில் நாம் விடும் மூச்சும் கரியமில வாயுதான். பத்து லட்சத்தில் 600 பங்கு கரியமில வாயு செலுத்தும் அறைகளில் இலைகள் கூடுதலாகவே உறிஞ்சுகின்றன, துளைகளையும் குறுக்கிக்கொண்டு நீரை மிச்சப்படுத்துகின்றன. இதில் வியப்பில்லை. இலையில் கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதி அதற்குப் பதிலாக ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு வீணடிப்பது வெப்பம் மிகுந்த ஊர்களில்தான் அதிகம், ஆகவே காற்றில் கரியமில வாயு கூடக்கூட நம் பக்கத்து மரங்களுக்கே பெரிய ஆதாயம் என்பது ஏட்டுக் கணக்கு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்பதற்கு எடைத்தட்டுதான் பதில் சொல்ல வேண்டும்.

11 ஜனவரி

கரியமில வாயு சிலிண்டர் வரவில்லை. விநியோகிப்பவர் தொலைபேசியை எடுக்கவுமில்லை. அளவுமானியின் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

12 ஜனவரி

வந்தது. முள் சிவப்பைத் தொடுவதற்குச் சற்று முன்பு.

14 ஜனவரி

பொங்கல். தேக்கா சந்தையிலிருந்து வந்த கரும்பை நறுக்கியபடி, காற்றில் கரியமில வாயு கூடினால் செடி கொடியெல்லாம் செழிக்கத்தானே வேண்டும் என்று அம்மா கேட்டார். கையிலிருந்த கரும்பையே காட்டினேன்: கரும்பு தன் இலைக்குள்ளேயே கரியமில வாயுவைச் செறிவாக்கிக்கொள்ளும் இனம், காற்றில் கூடுவதால் அதற்குப் பெரிதாக லாபமில்லை. மரத்துக்கு லாபம் உண்டு, ஆனால் அது தண்டில் சேர்கிறதா என்பதே கேள்வி. பொலிவியா, கேமரூன், தாய்லாந்து காட்டு மரங்களின் வளர்ச்சி வளையங்களைப் படித்து 2015இல் வெளியான ஆய்வு, ஒன்றரை நூற்றாண்டில் மரங்கள் நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் திறன் கூடியதைக் கண்டது, தண்டு வேகமாகப் பருத்ததைக் காணவில்லை. “அப்படியென்றால் தின்றதெல்லாம் எங்கேப்பா போகிறது?” என்றார் அம்மா. ஆய்வுக்குழுக் கூட்டங்களில் இவ்வளவு நேராக யாரும் கேட்பதில்லை.

17 ஜனவரி

புக்கிட் தீமா காடு. 1993இல் தொடங்கிய இரண்டு ஹெக்டேர் கணக்கெடுப்பு நிலத்தைத் தாண்டி, எங்கள் மரங்களுக்குப் போனோம். சிங்கப்பூரில் குளிரோ நீண்ட வறட்சியோ இல்லாததால் மரங்களில் நம்பத்தக்க ஆண்டு வளையம் விழுவதில்லை, எனவே எஃகுப் பட்டையைச் சுருள்வில் கோத்துத் தண்டைச் சுற்றிக் கட்டி, அது நகரும் தூரத்தை அளக்கிறோம். பெரிய செராயாவில் கட்டிய எஃகுப் பட்டைக்கு அடியில் எறும்புகள் மண்கூடு கட்டியிருந்தன. ஆய்வகத்து அண்ணன் தூரிகையால் பொறுமையாக அதைத் துடைத்த பிறகே அளவுகோலை வைத்தோம். எஃகுப் பட்டை நகர்ந்ததாகவே தெரியவில்லை, ஆனால் மழை பெய்தால் மரப்பட்டை ஊறி உப்புவதும் வெயிலில் சுருங்குவதும் உண்டு என்பதால் ஒரு நாள் அளவை வைத்துப் பேசக்கூடாது.

மலேசியாவின் பாசோ காட்டில் 50 ஹெக்டேரில் 1980களின் நடுவிலிருந்து மரங்களை அளக்கிறார்கள். கரியமில வாயு கூடிக்கொண்டே போன அதே காலத்தில் அங்கு வளர்ச்சி மந்தமானதாக 2007இல் எழுதினார்கள். இரவு வெப்பம் கூடினால் மரம் மூச்சுவிடுவதிலேயே சர்க்கரையைச் செலவழித்துவிடும் என்ற விளக்கம் எனக்கு இன்னும் பாதிதான் செரிக்கிறது.

22 ஜனவரி

தூக்கம் வரவில்லை. அம்மாவின் கேள்வி போகவில்லை.

சிட்னிக்கு மேற்கே, முதிர்ந்த யூகலிப்டஸ் காட்டின் நடுவில் குழாய் வளையங்களை நிறுத்தி, திறந்த வெளியிலேயே கரியமில வாயுவைச் செலுத்தினார்கள். 2020இல் வெளிவந்த கணக்குப்படி மரங்கள் சுமார் 12 விழுக்காடு கூடுதலாகக் கார்பனை உள்ளே எடுத்தன, மரத்தண்டோ கூடுதலாக வளரவில்லை. எடுத்ததில் பெரும்பகுதி மரத்தின் மூச்சாகவும் மண்ணின் மூச்சாகவும் காற்றுக்கே திரும்பிவிட்டது. அந்த மண்ணில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. புக்கிட் தீமா மண்ணும் கருங்கல் காலங்காலமாக மக்கி உருவானதே, இத்தகைய மண்ணில் இரும்பும் அலுமினியமும் பாஸ்பரஸை இறுகப் பிடித்துக்கொண்டு வேருக்கு விடுவதில்லை. கையில் பணம் புரண்டாலும் சந்தையில் அரிசி இல்லாத நிலைமை இது. தொட்டிகளில் பாதிக்குப் பாஸ்பரஸ் இட்டது இதற்காகத்தான்.

ஆனால் செராயாவின் வேர்நுனிகளில் பூஞ்சை உறை போர்த்தியிருக்கிறது. மரம் சர்க்கரை கொடுக்கும், பூஞ்சை மண்ணைத் துழாவிப் பாஸ்பரஸ் கொடுக்கும். கூடுதல் சர்க்கரை முழுவதும் இந்தக் கூலிக்கே போகிறதென்றால்?

25 ஜனவரி

வேர்நுனி, வேர்நுனி, வேர்நுனி.

30 ஜனவரி

பிடுங்கியாயிற்று. சல்லடைமேல் வைத்து மெல்லிய நீர்த்தாரையில் மண்ணைக் கரைத்தபோது நுண்வேர்கள் அறுந்து சல்லடைக் கண்களில் சிக்கிக்கொண்டன, ஒவ்வொன்றையும் இடுக்கியால் எடுத்துப் பாத்திரத்தில் சேர்த்தோம். உருப்பெருக்கியின் கீழ் பூஞ்சை போர்த்திய நுனிகள் மழுங்கித் தடித்து, கிளைத்துக் கிடந்தன. பாஸ்பரஸ் இடாத, கரியமில வாயு கூடிய தொட்டிகளில் அவை அடர்த்தியாக இருப்பதுபோல் என் கண்ணுக்குப் பட்டது. அண்ணன் அதை ஆய்வகக் குறிப்பேட்டில் எழுத வேண்டாம் என்றார், எண்ணிய பிறகு எழுதலாமாம். அவர் சொல்வதே முறை, ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

2 பிப்ரவரி

உலர்த்தும் அடுப்பில் 70 பாகை செல்சியஸ். எடை குறைவது நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். எரிச்சலாக இருக்கிறது, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

5 பிப்ரவரி

தண்டு எடைகள் வந்துவிட்டன. பாஸ்பரஸ் இடாத நாற்றுகளில், கரியமில வாயு கூடிய அறைக்கும் கூடாத அறைக்கும் வேறுபாடென்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. இட்டவற்றில் கரியமில வாயு கூடியவை கனமாக இருக்கின்றன.

மகிழ்ச்சியில் குதிக்க மனம் வரவில்லை. தொட்டிக்குள் வேர் முட்டி நிற்கும் நாற்று வேறு, நிழலில் பல பத்தாண்டுகள் பொறுத்திருந்து வானத்தைத் தொட்ட மரம் வேறு. பிரேசிலில் மனாவுஸ் நகருக்கு அருகே முதிர்ந்த அமேசான் மரங்களைச் சுற்றிக் கோபுரங்கள் எழுப்பி வாயுவைச் செலுத்த ஏற்பாடு செய்தது இதை உணர்ந்துதான். ஹவாயின் மௌனா லோவா ஆய்வுநிலையத்தில் அளந்த காற்றின் கரியமில வாயு 1958இல் பத்து லட்சத்தில் 315 பங்காக இருந்தது, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. காடுகள் நம் புகையை விழுங்கிக்கொள்ளும் என்று எழுதிவைத்திருக்கும் கணக்குகளில் பாஸ்பரஸ் என்ற வரியே இல்லாதவை பல. எனக்கு அவற்றின்மேல்தான் கோபம்.

6 பிப்ரவரி

வேர்நுனிகளை எண்ணத் தொடங்கினோம். எந்தத் தொட்டி என்று தெரியாதபடி அண்ணன் பாத்திரங்களின் பெயர்ச்சீட்டுகளை மறைத்துவிட்டார். மாலைக்குள் கண் எரிகிறது, பாதிகூட முடியவில்லை.

8 பிப்ரவரி

இலைகளின் பாஸ்பரஸ் அளவு வெள்ளிக்கிழமைக்குத்தான் வருமாம். எண்ணிக்கை தொடர்கிறது, கடைசி அடுக்கில் ஒரு பாத்திரத்தில் மட்டும் நுனிகள் கருத்திருக்கின்றன, அதைத் தனியே எடுத்து வைத்திருக்கிறோம்.