உதட்டோரம் ஒரு கொப்புளம்

சித்திரைத் தேர் முடிந்த மறுநாள் காலை பல் தேய்க்கும்போதுதான் தெரிந்தது. மேலுதட்டில் இடப்பக்கம் ஒரு குறுகுறுப்பு, உள்ளேயிருந்து எறும்பு கடிக்கிற மாதிரி. முதல் நாள் உச்சி வெயிலில் தேருக்கு முன்னால் நடந்துகொண்டே நாயனத்தில் மல்லாரி, அதான் சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற உருப்படி, வாசித்திருந்தேன். வெயிலும் தூக்கமின்மையும் சேர்ந்தால் எனக்கு இது வரும். சாயங்காலத்துக்குள் நாலைந்து பொடி நீர்க்கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பிவிட்டன. அடுத்த நாள் இரவு மாப்பிள்ளை அழைப்பு, அதற்கு மறுநாள் காலை முகூர்த்தம்.

"பல்லி மூத்திரம் பட்டிருக்கும்டா" என்றாள் அம்மா. உடம்புச் சூடு என்றான் தம்பி. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்தேன்.

காலில் கொப்புளம் வந்தால் நாயனக்காரன் செருப்பில்லாமல் நடந்துவிடுவான். உதட்டில் வந்தால் கதையே வேறு. நாயனத்தின் மேல்நுனியில் செருகி ஊதுகிற நாணல் துண்டுதான் சீவாளி. அதைப் பல்லால் கடிக்கக் கூடாது. இரண்டு உதட்டையும் லேசாக உள்ளே மடித்து, நடுவில் அதைப் பிடிக்க வேண்டும். ஆர்மோனியத்தில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கட்டை இருக்கிறது. நமக்கு விரல் வைக்க இருப்பது ஏழே துளைகள். அதற்குள் இரண்டரை ஸ்தாயி வர வேண்டும், சின்ன ரிஷபமும் பெரிய ரிஷபமும் பிரிய வேண்டும். விரல் பாதி வேலைதான் செய்யும், மீதி உதட்டின் அழுத்தமும் மூச்சும். தோடியில் காந்தாரத்தை அசைக்கும்போது துளைமேல் விரல் அசைவதுதான் கேட்பவர்கள் கண்ணுக்குத் தெரியும், உதடு படும் பாடு தெரியாது. மேலே போகப் போக இறுக்கம் கூடும். என் கொப்புளமோ சரியாக அந்த இறுக்கம் விழுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தது.

மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பும்போது முதல் பாடம் கிடைத்தது. எண்ணெய் தடவிய உதட்டில் சீவாளி நிற்காது, வழுக்கும். துடைத்துவிட்டு வைத்தால் எரியும். குழலில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த ஆறு சீவாளிகளில் இருப்பதிலேயே இளசானதைத் தேடி எடுத்தேன். திருவாவடுதுறையில் வாங்கியது. லேசாக ஊதினாலே பேசிவிடும், அதனாலேயே கச்சேரிக்கு அதை நான் எடுப்பதில்லை. மேல் ஷட்ஜத்துக்குப் போனால் மெலிந்துபோய்க் கீச்சிடும்.

"அண்ணா, நீ கீழேயே இரு. மேலே நான் பாத்துக்கறேன்" என்றான் தம்பி. பதினைந்து வருஷமாக நான் எடுத்துக்கொடுக்க அவன் பின்னால் வந்து பழக்கம். அன்றைக்குத் தலைகீழ். கீழே மந்திர ஸ்தாயியிலேயே நின்றுகொண்டு, அவன் கல்யாணியில் மேலே ஏறுவதைக் கேட்டபோது கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன். தவில் அண்ணன் குனிந்து, "எனக்குக் கை நல்லாத்தானே இருக்கு தம்பி, நீங்க மூச்சு வாங்குங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு தெரு முழுக்கத் தனியாகவே வாசித்துத் தள்ளினார்.

முகூர்த்தத்தில் அப்படி ஒளிய முடியவில்லை. ஐயர் கையைத் தூக்கி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றதும் உடம்பு பழக்கத்தில் தானாக மேலே போய்விட்டது. உதட்டில் சுருக்கென்றது. நாக்கில் உப்புக் கரித்தது. தாலி கட்டி அட்சதை விழுந்து முடிந்ததும் சீவாளியைக் கழற்றிப் பார்த்தேன். நுனியில் நகக்கண் அளவுக்கு ரத்தம். சபையில் யாருக்கும் தெரிந்திருக்காது. தம்பி மட்டும் துண்டை எடுத்து நீட்டினான்.

மறுநாள்தான் டாக்டரிடம் போனேன். ஹெர்ப்பிஸ் என்றார். பேரைக் கேட்டதும் எனக்குப் பகீரென்றது. அவர் சிரித்துவிட்டார். உலகத்தில் 50 வயதுக்குள் இருப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் உடம்பில் இந்தக் கிருமி இருக்கிறதாம். பெரும்பாலும் சின்ன வயதில் எச்சில் வழியாக வந்து, முகத்து நரம்பில் போய்ப் படுத்துக்கொள்ளுமாம். வெயில், காய்ச்சல், அலுப்பு என்று ஏதாவது வந்தால் எழுந்திருக்கும். அசைக்ளோவிர் க்ரீம் ஒரு நாளைக்கு 5 தடவை. "குறுகுறுத்த அன்னைக்கே போட்டிருக்கணும், இப்ப அதுவா காயணும், பத்து நாள் ஆகும்" என்றார். கிளம்பும்போது கேட்டார்: "நீங்க வாயில வைக்கிறதை வேற யாராவது வாயில வைப்பாங்களா?"

வைப்பார்கள். என்னிடம் ஒரு பையன் கற்றுக்கொள்கிறான், பதினான்கு வயது. அவன் சீவாளி சரியாகப் பேசாவிட்டால் நான் வாங்கி என் வாயில் ஊறவைத்து, ஊசி விட்டுச் சரிசெய்து, ஊதிப் பார்த்துத்தான் திருப்பிக் கொடுப்பேன். பெரியப்பா எனக்கு அப்படித்தான் கொடுத்தார். அவர் வாயிலிருந்து சூடாக என் கைக்கு வந்த சீவாளியைப் பிரசாதம் மாதிரி வாங்கிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கொப்புளமும் அந்த வழியாகவே வந்திருக்கலாம், யார் கண்டது. டாக்டர் சொன்னதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். "எச்சில் பாத்தா நாயனம் வருமாடா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை. ஆனால் இந்த விஷயத்தில் டாக்டர் பக்கம்தான் நான்.

அன்று சாயங்காலம் பையன் வந்ததும் புதிதாக இரண்டு சீவாளிகளையும் ஒரு ஊசியையும் அவன் கையில் கொடுத்து, இனிமேல் இது உனக்கு மட்டும் என்றேன். அவன் முகம் விழுந்துவிட்டது. "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா மாமா?" என் உதட்டைக் காட்டினேன். பொருக்குத் தட்டிக் கறுப்பாகியிருந்தது. கிட்ட வந்து உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

புதுச் சீவாளி, பழகாதது. ஊதினான். வாத்து மாதிரி கத்தியது. மறுபடியும் ஊதினான், மறுபடியும் வாத்து. வாங்கிச் சரிசெய்ய என் கை தானாக நீண்டது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் ஊறட்டும்" என்றேன்.