கவனிச்சிடுங்க

"கொஞ்சம் கவனிச்சிடுங்கண்ணே, சீக்கிரம் முடிஞ்சிடும்."

நான் சொன்னது இவ்வளவுதான். லஞ்சம் என்ற வார்த்தைகூட அதில் இல்லை. மனு கொடுக்க வந்தவர் புரியாமல், "யாரைக் கவனிக்கணும் சார்?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. நில அளவைப் பிரிவு இருந்த அறைப்பக்கம் கண்ணைக் காட்டினேன்.

அது அவருடைய மூன்றாவது மனு. பக்கத்து நிலத்துக்காரர் எல்லைக்கல்லைப் பிடுங்கி இவர் பக்கம் தள்ளி நட்டுவிட்டார், அளந்து தர வேண்டும். முந்தைய இரண்டு ரசீதுகளையும் பாலித்தீன் உறையில் வைத்திருந்தார். மடித்து மடித்து, மடிப்பில் எழுத்தே அழிந்திருந்தது. நான் இதுவரை யாரிடமும் கை நீட்டியதில்லை. அன்றும் அவர் அலைவதைப் பார்க்கச் சகிக்காமல்தான் சொன்னேன். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

வட்டிக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார். எதிராளி அதைவிடக் கூடுதலாகக் கொடுத்துவிட்டார். அளந்தார்கள், கல் நகர்ந்த இடத்திலேயே 'சரியாக' இருந்தது. நான்காம் நாள் வெட்டு. ஒருவர் செத்தார், இவர் சிறைக்குப் போனார்.

இல்லாதவன்தான் அரிவாள் எடுப்பான் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. பிறந்ததிலிருந்தே இல்லாதவர் அவர். மூன்று மனு போட்டுப் பொறுமையாகக் காத்திருந்தவரும் அவர்தானே?

அப்புறம் இதைப் பற்றியே படிக்க ஆரம்பித்தேன். 1965 முதல் 1995 வரை 39 நாடுகளின் கொலைக் கணக்கை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, வருமான ஏற்றத்தாழ்வு கூடிய இடத்தில் கொலையும் கூடியது என்கிறது. ஐ.நா. கணக்கில், 2021-ல் லட்சம் பேருக்கு ஆப்பிரிக்காவில் சுமார் 13 கொலை. அதைவிட வசதியான அமெரிக்கக் கண்டத்தில் 15. வெறும் வறுமை இல்லை, ஏற்றத்தாழ்வுதான் என்று எனக்கு ஓர் ஆறுதல். ஆனால் அந்த அட்டவணைகளில் வழிகாட்டியவனுக்கு ஒரு கட்டம் இல்லை.

நான் சொல்லாவிட்டாலும் எதிராளி கொடுத்திருப்பார். சரி. ஆனால் வெறும் தாமதம் என்று நினைத்திருந்தவருக்கு, அது ஏலம் என்று தெரியவைத்தது நான். ஏலத்தில் அவர் ஒருநாளும் ஜெயிக்க முடியாது என்பது எனக்குத் தெரியாதா?

விசாரணைக்கு வந்தவர்கள் மூன்று மனுக்களின் தேதியைக் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன். வேறெதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போது யாராவது "எப்போ சார் முடியும்?" என்றால், "பரிசீலனையில் இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சிலர் போகாமல் நின்று, என் கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிறார்கள்.