அவுட்போர்டு எஞ்சினுக்கு நல்ல தண்ணீர்: நான்கு மாதக் கணக்கு

நானும் மச்சானும் பங்கு போட்டு வாங்கிய சின்ன ஃபைபர் படகு தூத்துக்குடி திரேஸ்புரம் பக்கம் கடலிலேயேதான் கிடக்கிறது. பின்னால் பழைய 15 ஹெச்பி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு ஒன்று. நாங்கள் தொழிலுக்குப் போகிறவர்கள் இல்லை, ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடுகிற ஆட்கள். அதனால் எஞ்சின் ஒரு நாள் ஓடும், ஆறு நாள் சும்மா நிற்கும். அந்த ஆறு நாளில்தான் உப்பு வேலை பார்க்கிறது என்று எனக்குப் புரிவதற்குள் ஒரு இம்பெல்லரும் (தண்ணீர் பம்ப்பில் சுற்றுகிற ரப்பர் சக்கரம்) ஒரு தெர்மோஸ்டாட்டும் (சூட்டுக்குத் தக்கபடி தண்ணீர் வழியைத் திறந்து மூடுகிற வால்வு) ஒரு போல்ட்டும் போய்விட்டன.

இந்த எஞ்சின் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளக் கடல் தண்ணீரையே பம்ப்பால் உள்ளே இழுத்து வெளியே விடும். ஆரம்பம் இப்படித்தான். ஜனவரியில் ஒரு நாள் திரும்பி வரும்போது, எஞ்சின் பின்னால் சின்னத் துளையிலிருந்து பீய்ச்சுகிற தண்ணீர் நூல் மாதிரி மெலிந்துவிட்டது. "இதுக்கு நீர்க்கடுப்பு மச்சான்" என்று அவன் சிரித்தான். தங்கூசி நரம்பை (தூண்டிலுக்குக் கட்டுகிற நைலான்) துளைக்குள் விட்டுக் குடைந்தேன், கொஞ்சம் வந்தது, மறுபடி மெலிந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு மெதுவாக மெதுவாகக் கரை சேர்ந்தோம்.

மெக்கானிக் அண்ணாச்சி ஹெட்டை, அதாவது சிலிண்டரை மூடியிருக்கும் பாகத்தை, கழற்றினார். நான்காவது போல்ட்டைத் திருப்பும்போது டக்கென்று சத்தம், தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. உள்ளே பார்த்தால் தண்ணீர் ஓடுகிற வழியெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. தெர்மோஸ்டாட் பாதி மூடிய நிலையில் இறுகிப்போயிருந்தது. கீழே பம்ப்பில் இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் ஒரே பக்கமாக வளைந்து, அடியில் வெடித்திருந்தன. "கழுவவே மாட்டீங்களா தம்பி?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது, ஏனென்றால் ஒவ்வொரு ஞாயிறும் எஞ்சினைக் கழற்றி ஆளுக்கொரு பக்கம் பிடித்து (40 கிலோவுக்கு ஒட்டி வரும்) வீட்டுக்குக் கொண்டுவந்து டிரம்மில் வைத்து ஓட்டிக்கொண்டுதான் இருந்தோம். அப்படியிருந்தும் எப்படி?

உப்பளத்து ஊரில் பிறந்தும் இது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். கடல் தண்ணீர் 3 டிகிரி சுமாருக்குப் பாத்தியில் ஏறும் (இது சூடு இல்லை, உப்புத் தண்ணீரின் அடர்த்தியை அளக்கிற டிகிரி), வெயிலில் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பு படியும், அப்புறம் ஜிப்சம், 25 டிகிரி வந்தால் உப்பு. சூடான எஞ்சினை அணைத்துவிட்டு அப்படியே விட்டால் உள்ளே மிச்சமிருக்கும் கொஞ்சம் தண்ணீருக்கும் அதே கதிதான். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் 35 கிராம் சுமாருக்கு உப்பு. வாராவாரம் ஒரு குட்டிப் பாத்தி காய்ந்து, அதன் மேல் அடுத்த பாத்தி. வெறும் உப்பு என்றால் தண்ணீரிலேயே கரைந்துவிடும், சுண்ணாம்பு கரையாது. ஹெட்டை அரை மணி நேரம் வெள்ளை வினிகரில் போட்டோம், நுரைத்துக்கொண்டு விட்டது. அதற்கு மேல் ஊறவிட்டால் அலுமினியத்தையே தின்னும் என்று அண்ணாச்சி எடுத்துவிட்டார். பிளாக்கில் (சிலிண்டர் இருக்கும் எஞ்சின் உடம்பு) இருந்ததை விளக்குமாற்று ஈர்க்கை வைத்து நோண்டினேன், அதற்கு ஒரு ஞாயிறு முழுசாகப் போனது.

புது இம்பெல்லர், புது தெர்மோஸ்டாட், புது கேஸ்கட் எல்லாம் போட்டு வந்தபிறகு, கழுவியும் ஏன் அடைத்தது என்ற கேள்வி மட்டும் குடைந்துகொண்டே இருந்தது. வாட்டர் ஃபில்டர்காரர்கள் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கினேன், ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று சுமாராகக் காட்டும். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் முக்கினால் 3,150. குடிதண்ணீருக்கு 500க்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம் என்பது கணக்கு. மாநகராட்சிக் குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீர் 260 காட்டியது. ஆக உப்பைக் கழுவ நான் உப்புத் தண்ணீரையே ஊற்றியிருக்கிறேன். கடலோடு பார்த்தால் பத்தில் ஒரு பங்குகூட இல்லைதான், பெரிய உப்பை அது இழுத்துக்கொண்டு போகும். ஆனால் கடைசியாக உள்ளே நின்று காய்வது அதே போர் தண்ணீர்.

இன்னொரு தப்பும் இருந்தது, என் கணக்கில் அதுதான் பெரியது. இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டு, பின்னால் தண்ணீர் பீய்ச்சுகிறதே, சரி என்று அணைத்துவிடுவேன். படகிலிருந்து இறக்கி, ஆட்டோவில் ஏற்றி, வீடு வந்து சேர்வதற்குள் எஞ்சின் ஆறிப்போயிருக்கும். ஆறிய எஞ்சினில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும், பிளாக் சூடேறினால்தான் அது திறக்கும். அதுவரை அதிகம் சூடாகிற இடத்தில், அதாவது உப்பு அதிகம் படிகிற இடத்தில், தண்ணீர் சரியாக ஓடாது. பின்னால் பீய்ச்சுவதைப் பார்த்துவிட்டு உள்ளே கழுவியாயிற்று என்று நம்பியது என் முட்டாள்தனம்.

புது முறையில் முதல் ஞாயிறு: டிரம்மில் 50 லிட்டர் குழாய்த் தண்ணீர், புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு நியூட்ரலில் மெதுவாக ஓட்டம். தண்ணீர் புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டைத் தாண்டி நிற்க வேண்டும், இல்லையென்றால் பம்ப் காற்றை இழுக்கும், இம்பெல்லர் தண்ணீரில்லாமல் சில விநாடி சுற்றினாலே கருகிவிடும். இரண்டாவது நிமிடம் மீட்டர் 410. ஏழாவது நிமிடத்துக்கு மேல் விறுவிறுவென்று ஏறி, பத்தாவது நிமிடத்தில் 980. தெர்மோஸ்டாட் திறந்த நேரம் அது என்று நினைக்கிறேன். கணக்குப் போட்டால் 36 கிராம் உப்பு, அதுவும் அத்தனை சுரண்டிய பிறகு! தண்ணீரை மாற்றி மறுபடி ஐந்து நிமிடம் ஓட்டினேன், 260லிருந்து 330 வரைதான் ஏறியது.

இதில் பிரச்சினை என்னவென்றால் வாரம் 100 லிட்டர் நல்ல தண்ணீர். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள், "குடிக்கிற தண்ணியில எஞ்சினுக்குக் குளிப்பாட்டு வேறயா?" நியாயம்தான். காது மாதிரி இரண்டு பக்கமும் கவ்வுகிற ரப்பர் கிண்ணத்தை வைத்து மாடித் தொட்டியிலிருந்து ஹோஸ் கொடுத்துப் பார்த்தேன், தொட்டியின் வேகம் போதவில்லை, பம்ப் கேட்கிற அளவுக்குத் தண்ணீர் வரவில்லை. உடனே அணைத்துவிட்டேன். கடைசியில் பழைய இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் எட்டில் மணலை அடைத்து டிரம்முக்குள் ஓரமாக அடுக்கினேன், 50 லிட்டர் பிடித்த இடத்தில் 34 லிட்டரே போதுமானது. இப்போது முதல் பத்து நிமிடம் போர் தண்ணீர், ஹெட்டில் கை வைத்தால் நன்றாகச் சுட வேண்டும். அப்புறம் 34 லிட்டர் நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம். கடைசி நிமிடத்தில் பெட்ரோல் டியூபைக் கழற்றிவிட்டால் கார்புரேட்டரில் இருப்பதும் தீர்ந்து எஞ்சின் தானாகவே அணைந்துவிடும். டிரம்மில் மிஞ்சும் தண்ணீரில் ஆயில் மிதக்கும். முதல் வாரம் அதை முருங்கைக்கு ஊற்றி வாங்கிக் கட்டிக்கொண்டேன், இப்போது மேலே மிதப்பதைப் பழைய துணியால் ஒற்றி எடுக்கிறேன்.

ஸ்டாண்டில் எஞ்சினை நேராக நிறுத்தி அரை மணி நேரம் விடுகிறேன், சாய்த்துப் போட்டால் வழியாத தண்ணீர் உள்ளேயே தேங்கும். துத்தநாகக் கட்டியையும் மாற்றினேன், பழையது பாதி கரைந்திருந்தது. அது கரையத்தான் வேண்டும், அலுமினியத்துக்குப் பதிலாகத் தன்னைக் கொடுக்கிற பொருள் அது. யாரோ அதன் மேலேயும் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள், பெயின்ட் அடித்தால் அது வெறும் கட்டிதான்.

ஏப்ரல் கடைசியில் தெர்மோஸ்டாட் மூடியை மட்டும் திறந்து பார்த்தேன் (ஹெட்டைத் தொடவில்லை, இன்னொரு போல்ட்டை உடைக்கத் தைரியமில்லை). விரலில் தடவினால் ஒட்டுகிற அளவுக்குக் கொஞ்சம் வெள்ளைப் பொடி, அவ்வளவுதான். நல்ல தண்ணீர் ஓட்டத்தில் மீட்டர் இப்போது முப்பது நாற்பதுக்கு மேல் ஏறுவதில்லை.

போன வாரம் மீட்டரை அண்ணாச்சி கடைக்கும் கொண்டுபோனேன். வருகிற எஞ்சினையெல்லாம் ஓட்டிப் பார்க்க அங்கே ஒரு நீல டிரம் உண்டு, எப்போது தண்ணீர் மாற்றினார் என்று அவருக்கே நினைவில்லை. முக்கினேன். மீட்டர் 9,990 வரைதான் காட்டும், அதையும் தாண்டிவிட்டது. அண்ணாச்சி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "திரேஸ்புரம் உப்பு மொத்தமும் இங்கதான் கெடக்கு போல" என்று சொல்லிவிட்டு, டிரம்மைக் கவிழ்க்கப் பையனைக் கூப்பிட்டார்.