ஈபஸ் பழகும் டி.எம். தம்பி தங்கைகளுக்கு

எம்.டி. முடித்து, நீட் எஸ்.எஸ். என்ற உயர்சிறப்புப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு எழுதி, நுரையீரல் டி.எம். சேர்ந்தால் மூன்று வருஷம். நீளமாகத் தெரியும், ஆனால் ஈபஸுக்கு, அதாவது அல்ட்ராசவுண்டு பொருத்திய ஸ்கோப்பை மூச்சுக்குழாய்க்குள் விட்டு, நெறிக்கட்டில் ஊசி குத்தி சாம்பிள் எடுப்பதற்கு, கை பழக அது கொஞ்ச காலம்தான்.

முதலில் லிக்னோகெயின் கணக்கு, தொண்டையையும் மூச்சுக்குழாயையும் மரத்துப்போக வைக்கும் மருந்து அது. 10 சதவீத ஸ்ப்ரே ஒரு அடிக்கு 10 மி.கி. பத்து அடி அடித்தாலே 100 ஆச்சு. அதற்கு மேல் ஸ்கோப் வழியே 2 சதவீத மருந்து 2 மி.லி. விட்டால் ஒவ்வொரு தடவையும் 40 மி.கி. ஏறும். உச்ச அளவு கிலோவுக்கு 7 மி.கி. என்று வைத்தால் 60 கிலோ ஆளுக்கு 420தான். தொண்டையில் அடித்ததை யாரும் கூட்டுவதில்லை, அங்கேதான் தப்பு நடக்கிறது. நர்ஸ் அக்காவிடம் சொல்லிப் பலகையில் எழுத வையுங்கள்.

அடுத்து ஊசி. ஊசியை மூடியிருக்கும் உறையின் நுனி திரையில் தெரிந்த பிறகே ஊசியைத் தள்ளணும். உள்ளேயே தள்ளினால் சேனல், அதாவது ஊசி போகும் ஸ்கோப்பின் உள்குழாய், கிழிந்துவிடும். வெளியே எடுக்கும்முன் ஊசி முழுக்க உள்ளே போய்ப் பூட்டு விழுந்ததா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். ஸ்கோப்பைக் கழுவும் முன் அதில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் லீக் டெஸ்ட் கட்டாயம்.

சென்னையில், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் கரினாவுக்குக் கீழே, ஏழாம் ஸ்டேஷன் என்று எண் கொடுத்த இடத்தில் நெறிக்கட்டு என்றால் டிபி, சார்காய்டு (கிருமி இல்லாமலே நெறிக்கட்டு வீங்கும் அழற்சி நோய்), கேன்சர் மூன்றுமே மனசில் இருக்கணும். அதனால் எடுத்த சாம்பிள் எல்லாவற்றையும் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. அதில் கிருமி செத்துவிடும், கல்ச்சர் வளராது. ஒரு பாஸ், அதாவது ஒரு தடவை ஊசி குத்தி எடுத்தது, தனியாக சலைனில், ஜீன்எக்ஸ்பர்ட் என்ற டிபி மரபணு டெஸ்டுக்கும் கல்ச்சருக்கும்.