டிசி இல்லை, தம்பி இருக்கிறான்

எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மனையில் அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலையாட்கள் எல்லாரும் ஒடிசா. தகரக் கொட்டகை வாசலில், இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு ஒரு சிறுமி நிற்பாள். பள்ளி நேரத்தில் இவள் இங்கே என்ன செய்கிறாள் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். வயது ஒன்பது. பலாங்கிர் பக்கம் ஒரு கிராமத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டாளாம். மேஸ்திரிக்கு இந்தி தெரியும், அவர் வழியாகத்தான் பேச்செல்லாம்.

பக்கத்திலேயே அரசு தொடக்கப் பள்ளி. போனதும் முதல் கேள்வி, "டிசி இருக்கா?" இரண்டாவது, "பிறப்புச் சான்றிதழ்?" இருந்தது அம்மாவின் ஆதார் மட்டும். "டிசி இல்லாம எமிஸ்ல ஏத்த முடியாது மேடம்" என்றார்கள். எமிஸ் என்பது மாணவர் விவரங்களைப் பதிவுசெய்யும் அரசின் இணையதளம். எரிச்சலோடு திரும்பினேன்.

இரவு உட்கார்ந்து 2009 கல்வி உரிமைச் சட்டத்தைப் படித்தேன். டிசி வரத் தாமதம் என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 5ஆம் பிரிவு. வயதுச் சான்று இல்லையென்றும் மறுக்கக் கூடாது, அது 14. படிப்பு விட்டுப்போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனியாகப் பயிற்சி கொடுத்து மற்றவர்களுக்கு ஈடாக்க வேண்டும், இது 4. அதைப் பள்ளியில் போய் வாசித்துச் சண்டை போடாமல், கல்வித் துறையின் வட்டார வள மையத்துக்குப் போனேன். அங்கிருந்த ஆசிரியர் பயிற்றுநர் ஒரு போன் போட்டார், அவ்வளவுதான். நான்காம் வகுப்பு, எமிஸ் எண், சீருடை, புத்தகம் எல்லாம் ஒரே வாரத்தில். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் அவள் மறுபடி கொட்டகை வாசலில். இடுப்பில் தம்பி.

அப்போதுதான் உறைத்தது. அம்மா காலையிலேயே சித்தாள் வேலைக்குப் போய்விடுகிறார். தம்பியை யார் பார்ப்பது? காகிதத்துக்காக நான் இரண்டு வாரம் அலைந்தேன், இந்தக் கேள்வியை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பையனுக்கு இரண்டு வயது முடிந்திருந்ததால் அங்கன்வாடியில் சேர்த்தோம். அது விட்டபிறகு அக்கா வரும்வரை வைத்துக்கொள்ள அங்கிருந்த ஆயாம்மா ஒத்துக்கொண்டார். அவருக்குத்தான் நான் நன்றி சொல்ல வேண்டும், சட்டத்துக்கு அல்ல.

அம்மாவுக்கு இன்னும் தயக்கம்தான். பள்ளியிலேயே காலைச் சாப்பாடும் உண்டு என்று சொன்னதும் முகம் மாறியது. 2023 ஆகஸ்டிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளி எல்லாவற்றிலும் காலை உணவு இருக்கிறது. மறுநாள் காலை அடுப்புப் பற்றவைக்காமலே வேலைக்குக் கிளம்பினார்.

தமிழ் எழுத்து அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. 'ழ'வை வரைபடம்போல வளைத்து வளைத்துப் போடுவாள். கணக்கு மட்டும் விறுவிறுவென்று வந்தது.

ஏழாவது மாதம் கான்கிரீட் வேலை முடிந்தது. அடுத்த சைட் கோயம்புத்தூர் என்றார் மேஸ்திரி. இந்த முறை கிளம்புவதற்கு முன்பே டிசி வாங்கி, எமிஸ் எண்ணையும் ஒரு தாளில் எழுதி, நாலு ஜெராக்ஸ் எடுத்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தேன். அம்மா அதை அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினார். "போனதும் முதல்ல அங்கன்வாடி எங்கேன்னு கேளுங்க, அப்புறம் பள்ளிக்கூடம்" என்று மேஸ்திரியிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன்.