லைனில் கதைத்ததும் கதைக்காததும்

2025 பெப்ரவரி 10, திங்கள்

எங்கள் ஆடைத் தொழிற்சாலையில் சம்பளத் துண்டு கொடுத்தார்கள். தர்மபுரத்திலிருந்து வரும் புதுப்பிள்ளைக்கு இது முதல் சம்பளம். துண்டு முழுக்க ஆங்கிலம். வெட்டியிருந்த காசைப் பார்த்துவிட்டு, பிழையாகத் தைத்ததற்குத் தண்டம் என்று நினைத்துவிட்டாள். சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் "தண்டம் வெட்டுறாங்களாம்" என்ற கதை எல்லாத் தையல் லைனுக்கும் போய்விட்டது. பிழை பிடிக்கிற ஆள் நான்தானே, தரம் பார்க்கிற கியூசி. ஒருத்தியும் எனக்கு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

பின்னேரம் எச்ஆர் மிஸ் கன்டீனுக்கு வந்து துண்டை விரித்து வைத்து விளக்கினா: ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமலாப நிதிக்கு எங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டினால் கம்பனி 12 வீதம் போட வேண்டும், ஈடிஎஃப் என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்குப் போகும் 3 வீதம் முழுக்கக் கம்பனியின் காசு. "அப்ப இது என்ர காசுதானே மிஸ்?" என்றாள் பிள்ளை. நாளையோடு நிற்பதாக இருந்தவள். சேர்ந்த அன்றைக்கே இதற்குப் பத்து நிமிசம் ஒதுக்கியிருக்கலாம்.

பெப்ரவரி 13, வியாழன்

நேற்று போயா, பௌர்ணமி லீவு. இன்று காலையிலேயே சட்டைக் கை மூட்டும் இடத்தில் தையல் விட்டுவிட்டு விழுந்திருந்தது. திருப்பி அனுப்பினேன். பழைய சூப்பர்வைசர் என்றால் "இது ஆர் தைச்சது?" என்று லைன் முழுக்கக் கேட்கக் கத்தியிருப்பார். புதிதாக வந்த சூப்பர்வைசர் அக்கா மெஷினுக்குப் பக்கத்தில் குந்தி, ஊசியைக் கழற்றி நகத்தில் உரசிப் பார்த்தா. நுனி மழுங்கிவிட்டது.

"முந்தநாளே சத்தம் வித்தியாசமா இருந்ததக்கா" என்றாள் தைத்தவள்.

"ஏன் சொல்லேல்ல?"

"சொன்னா என்னைத்தான் பேசுவினம்."

பெப்ரவரி 15, சனி

தங்கச்சி முகாமைத்துவம் படிக்கிறாள். ஊசிக் கதையைக் கேட்டதும் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வில்லியம் கான் என்பவர் 1990இல் எழுதிய கட்டுரையாம். ஒருவர் வேலையில் மனதைப் போட மூன்று வேண்டும்: செய்வதில் அர்த்தம், மனதில் உள்ளதைக் காட்டினால் கேடு வராது என்ற நம்பிக்கை, உடம்பிலும் மனதிலும் தெம்பு. அவர் ஆராய்ந்தது ஒரு கோடைகால முகாமையும் ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்தையும். எங்கள் டார்கெட் பலகைக்குக் கீழே இருந்திருந்தால் கேடு வராது என்ற அந்த நம்பிக்கையைத்தான் முதலில் எழுதியிருப்பார்.

பெப்ரவரி 17, திங்கள்

காலபோக நெல் அறுவடைக் காலம். விசுவமடு பஸ் பாதிதான் நிரம்பி வந்தது. வராதவர்களுக்கு வருகைப் படி இல்லை என்று மைக்கில் சத்தம் போட்டார்கள். வராதவர்களுக்கு அது எப்படிக் கேட்கும்? வந்த நாங்கள்தான் ஏச்சு வாங்கினோம்.

பெப்ரவரி 20, வியாழன்

வருகிற புதன் சிவராத்திரி. அரசாங்க வேலைக்காரருக்கு லீவு, எங்களுக்கு இல்லை. திருக்கேதீச்சரம் கோயிலுக்குப் போகிறவர்கள் வழக்கமாக அன்று காலை "காய்ச்சல்" என்று மெசேஜ் போடுவார்கள். சூப்பர்வைசர் அக்கா இந்த முறை ஆர் ஆர் போகிறீர்கள் என்று முதலே கேட்டா. ஓடர் எப்போது கப்பலுக்குப் போக வேண்டும் என்றும் சொன்னா. இதுவரை எங்களுக்கு அதை ஆரும் சொன்னதில்லை. ஆர் போவது, ஆர் எந்த மெஷினைப் பார்ப்பது என்று காட்போட் மட்டையில் எழுதியாச்சு. வேதக்கார அக்காமார் "பெரிய வெள்ளிக்கு நீங்க நிக்கோணும்" என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் பெயர் தந்தார்கள்.

பெப்ரவரி 27, வியாழன்

நேற்று டார்கெட் கொஞ்சம் குறைந்தது, ஆனால் லைன் நிற்கவில்லை. பக்கத்து லைனில் நான்கு பேருக்குக் காய்ச்சல். எச்சரிக்கைக் கடிதம் வருமாம். "எங்களையும் முதலே கேட்டிருக்கலாமே" என்று அவர்களுக்கு எங்கள் மேல்தான் கோபம், சூப்பர்வைசர் மேல் இல்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் இதைக் கதைக்கிறேன் என்று அக்கா சொல்லியிருக்கிறா.